பிக்கப் டிரக்கில் சிலிண்டர் அணைவதைத் தடுக்கும் கருவி: மாட்டலாமா, விட்டுவிடலாமா?

"அண்ணா, பழைய சில்வராடோ ஒன்று எடுத்திருக்கிறேன், 5.3 லிட்டர் வி8. எஞ்சின் வால்வைத் திறக்கிற லிஃப்டர் போய்விடும் என்று பார்க்கிறவர்களெல்லாம் பயமுறுத்துகிறார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே செருகுகிற அந்தக் கருவியை வாங்கிவிடட்டுமா?" அமெரிக்காவில் பிக்கப் வைத்திருக்கும் நம் ஆட்களிடமிருந்து வருகிற கேள்விகளில் முக்கால்வாசி இந்த மாதிரிதான். ஆமாம் அல்லது இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. கேட்பவர்களில் ஒருவருக்கு சிக்னலில் எஞ்சின் நின்று நின்று கிளம்புவது எரிச்சல், இன்னொருவருக்கு சில சிலிண்டர்கள் அணைந்து ஓடும்போது ஹைவேயில் வருகிற ரீங்காரம், மூன்றாமவருக்கு எஞ்சின் போய்விடுமோ என்ற பயம். இவை மூன்றும் வேறு வேறு தொல்லைகள், ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. கடைக்காரர் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவை நீட்டுவார்.

## எதை நிறுத்தப் பார்க்கிறோம்?

முதலாவது, ஓடும்போதே சில சிலிண்டர்களை அணைத்துவிடும் ஏற்பாடு. சில்வராடோவைத் தயாரிக்கும் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) இதை ஏஎஃப்எம் என்று அழைக்கிறது, அதாவது ஆக்டிவ் ஃபியூயல் மேனேஜ்மென்ட். வண்டி சமமான சாலையில் சும்மா உருண்டுகொண்டிருக்கும்போது எட்டு சிலிண்டருக்கு வேலை இல்லை, அதனால் 1, 4, 6, 7 ஆகிய நான்கையும் அணைத்துவிட்டு மீதி நான்கில் ஓடும். 2019 சில்வராடோவில் வந்த டிஎஃப்எம் (டைனமிக் ஃபியூயல் மேனேஜ்மென்ட்) இன்னும் ஒரு படி மேலே: எட்டில் எதை வேண்டுமானாலும் அணைக்கும், மொத்தம் 17 விதமான சேர்க்கைகள். ராம் பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினில் இதே வேலையைச் செய்வது எம்டிஎஸ், ஹோண்டா ரிட்ஜ்லைனில் விசிஎம்.

ஒன்றும் புதுசில்லை இது. 1981ல் காடிலாக் 8-6-4 என்று ஒரு எஞ்சினை இறக்கியது, அன்றைய கணினிக்கு அந்த வேகம் போதவில்லை, வண்டி குலுங்கியது, உரிமையாளர்கள் ஒரு வயரைக் கழற்றிவிட்டு எட்டு சிலிண்டரிலேயே ஓட்டினார்கள். இன்றைய கருவிகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் அந்தக் கழற்றிவிட்ட வயர்தான்.

இரண்டாவது, ஸ்டாப்-ஸ்டார்ட். சிக்னலில் பிரேக்கில் கால் வைத்து நின்றால் எஞ்சின் அணையும், காலை எடுத்தால் கிளம்பும். இதற்கும் லிஃப்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பேச்சில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், அப்புறம் தப்பான கருவியை வாங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

பயத்தின் ஊற்றுக்கண் அந்த லிஃப்டர்தான், அதனால் அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சாதாரண லிஃப்டர் ஒரே உருளை. கேம் என்கிற சுழலும் தண்டு தள்ளினால் அது புஷ்ராடு என்கிற கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். ஏஎஃப்எம் லிஃப்டர் இரண்டு பாகம், ஒன்றுக்குள் ஒன்று. இரண்டையும் பூட்டி வைத்திருப்பது ஸ்பிரிங்கால் வெளியே தள்ளப்படும் சின்னஞ்சிறு பின்கள். சிலிண்டரை அணைக்கவேண்டும் என்றால் சொலினாய்டு என்கிற மின் வால்வு திறந்து எஞ்சின் ஆயிலை அழுத்தத்தோடு அந்தப் பின்களின் மேல் அனுப்பும், பின் உள்ளே போகும், வெளிப் பாகம் மட்டும் கேமோடு ஏறி இறங்கும், உள்பாகம் அசையாது, வால்வு மூடியே கிடக்கும். ஆயில் அழுத்தம் விலகினால் பின் திரும்ப வெளியே வந்து பூட்டவேண்டும். அது பாதியில் மாட்டிக்கொண்டாலோ, கீழே இருக்கிற ரோலர் தேய்ந்து கேமைக் கடிக்க ஆரம்பித்தாலோ, டிக் டிக் என்று சத்தம் வரும், மிஸ்ஃபயர் வரும், அதாவது சிலிண்டர் சரியாக எரியாது, செக் எஞ்சின் விளக்கு எரியும். இந்த எஞ்சின்களில் லிஃப்டரை வெளியே எடுக்கவேண்டுமென்றால் சிலிண்டர் ஹெட்டையே கழற்றவேண்டும். பாகத்தின் விலையைவிட கூலிதான் ஆளைச் சாய்க்கும். ஆக மொத்தம் சில ஆயிரம் டாலர்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வெளியே செருகும் எந்தக் கருவியும் அந்த இரட்டைப் பாக லிஃப்டரை மாற்றுவதில்லை. பின், ஸ்பிரிங், ரோலர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பின் உள்ளே வெளியே போய்வரும் தடவைகள் குறையும், அவ்வளவுதான். ரோலர் தேய்வது குறையாது, அது எட்டு சிலிண்டரில் ஓடினாலும் உருண்டுகொண்டேதான் இருக்கும். ஹெமியில் எம்டிஎஸ் இல்லாத சிலிண்டர்களின் லிஃப்டர்கூடப் போவதுண்டு என்பதையும் இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். உங்களை உண்மையில் தொந்தரவு செய்வது எது. பெட்ரோலில் எவ்வளவு கூடும். வாரண்டி மிச்சம் இருக்கிறதா. உங்கள் மாநிலத்தில் புகைச் சோதனை உண்டா. வேண்டாம் என்றால் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா.

பெட்ரோல் கணக்கை ஊகத்தில் போடவேண்டியதில்லை. 2021ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது ஜிஎம் சில 5.3 லிட்டர் பிக்கப்களை இந்தச் சிலிண்டர் அணைக்கும் மாட்யூல் இல்லாமலேயே கட்டி விற்றது. மைலேஜ் சுமார் ஒரு மைல் குறையும் என்று அவர்களே சொன்னார்கள். கேலனுக்கு 18 கொடுக்கிற வண்டி 17 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடம் 15,000 மைல் ஓட்டினால் 833 கேலனுக்குப் பதிலாக 882 கேலன். கேலன் 3 டாலர் என்றால் வருடத்துக்கு 147 டாலர் கூடுதல். ஐந்து வருடத்தில் 735. கருவியின் விலையை மட்டும் பார்த்துவிட்டு இந்தத் தொகையை மறந்துவிடுகிறார்கள், மறைந்திருக்கும் செலவுகளிலேயே பெரியது இதுதான். நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்கு இது குறையும், ஏனென்றால் அங்கே நான்கு சிலிண்டர் நிலைக்குப் போக வாய்ப்பே கம்மி.

சட்டம்: அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி, வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் செயலிழக்கச் செய்யும் பாகத்தை விற்பதும் மாட்டுவதும் தப்பு. சிலிண்டர் அணைப்பது வெறும் எரிபொருள் சிக்கனம், மாசுக் கட்டுப்பாடு அல்ல என்பது விற்பவர்களின் வாதம். ஆனால் வண்டிக்குச் சான்று கொடுத்தபோது அந்த அம்சம் வேலை செய்கிற நிலையில்தான் சோதனை நடந்தது, அதையும் நினைவில் வைக்கவேண்டும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் கறார்: அந்த மாநிலக் காற்று வாரியம் கொடுத்த விலக்கு எண் அந்தப் பொருளுக்கு இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

வாரண்டி: 1975ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் ஒன்று மாட்டியிருக்கிறது என்பதற்காகவே மொத்த வாரண்டியையும் ரத்துசெய்ய முடியாது, அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டவேண்டும். சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் லிஃப்டர் போய், லிஃப்டரைப் பற்றிய கருவி ஒன்று அதே வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தால் சர்வீஸ் கவுண்டரில் வாக்குவாதம் நிச்சயம், அதை முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை வண்டி கையில் இருக்காது.

## வழி 1: கை வைக்காமல் விட்டுவிடுவது

சோம்பேறித்தனமான பதில் போலத் தெரியும். ஆனால் வாரண்டி இருக்கிற வண்டிக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஜிஎம் பிக்கப்களுக்கு எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி 5 வருடம் அல்லது 60,000 மைல். அதற்குள் லிஃப்டர் போனால் அவர்கள் செலவு.

சும்மா விடுவது என்றால் ஆயிலையும் விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. மேலே சொன்னதை யோசியுங்கள்: அந்தப் பின்னை நகர்த்துவதே எஞ்சின் ஆயில்தான். ஆயில் அழுக்கானால், அளவு குறைந்தால், அழுத்தம் சரியாக வராவிட்டால் முதலில் திணறுவது அந்த நுண்ணிய துளைகள். கணினி ஆயில் ஆயுள் 0 சதவீதம் காட்டும்வரை காத்திருக்கவேண்டாம், பாதி மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், ஜிஎம் அங்கீகரித்ததற்கான டெக்ஸோஸ் முத்திரை உள்ள ஆயிலையே ஊற்றுங்கள், இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவையாவது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பழைய 5.3 எஞ்சின்களில், முக்கியமாக 2007ல் தொடங்கிய தலைமுறையில், ஆயில் குடிக்கும் வியாதி இருந்தது, அளவு குறைந்து அழுத்தம் விழுந்துதான் பல எஞ்சின்கள் கெட்டன. அதே தலைமுறையில் ஆயில் பிரஷர் சென்சாருக்கு அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு சல்லடை உண்டு, அது அடைத்துக்கொண்டால் மீட்டர் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். விலை அற்பம். எஞ்சினையே சந்தேகப்படுவதற்கு முன்னால் அதை மாற்றிப் பார்க்கவேண்டும்.

கருவிக்குக் கொடுக்கிற பணத்தில் கூடுதலாகச் சில தடவை ஆயில் மாற்றலாம். எஞ்சினைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் நான் அந்தப் பக்கம்தான் பணத்தைப் போடுவேன்.

## வழி 2: வண்டியிலேயே இருக்கிற பட்டன்

காசு கிடையாது, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஸ்டாப்-ஸ்டார்ட்டுக்கு இப்போது பெரும்பாலான டிரக்குகளில் பட்டன் உண்டு. வண்டி ஏறியதும் ஒரு அழுத்து, முடிந்தது. அடுத்த தடவை சாவி போட்டால் திரும்ப வந்துவிடும் என்பது மட்டும்தான் குறை.

சிலிண்டர் அணைவதற்குத் தனிப் பட்டன் வைப்பதில்லை. ஆனால் பல ஜிஎம் வண்டிகளில் கியரை மேனுவல் நிலையில் வைத்து மேல் கியரைத் தேர்ந்தெடுத்தால் எட்டு சிலிண்டரிலேயே ஓடும். ராமில் டோ/ஹால் பட்டன், அதாவது சுமை இழுக்கும்போது அழுத்துவது, அந்த வேலையைச் செய்யும். ஏஎஃப்எம் வண்டிகளில் உடனடி மைலேஜ் காட்டும் திரையில் வி8, வி4 என்று மாறி மாறி வரும், அதைப் பார்த்தே உங்கள் வண்டியில் இது பலிக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம். டோ/ஹாலில் கியர் மாறும் விதமும் மாறும், எஞ்சின் சுற்று கூடும், அதனால் நாள் முழுக்க அப்படியே ஓட்டுவது பெட்ரோலுக்கு நல்லதல்ல. ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ரீங்காரம் உண்மையிலேயே போகிறதா, உங்களுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று காசு செலவழிக்காமலேயே புரிந்துவிடும். பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை, அவர்களுக்குக் கருவி தேவையில்லை.

## வழி 3: ஓபிடி போர்ட்டில் செருகும் கருவி

கேள்விகளில் வருவது பெரும்பாலும் இதுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் பழுதுகளைப் படிக்கிற ஓபிடி போர்ட்டில் செருகினால் போதும், எஞ்சின் கணினிக்குச் செய்தி அனுப்பி நான்கு சிலிண்டர் நிலைக்குப் போகவிடாமல் வைத்திருக்கும். கணினியின் நிரலை மாற்றுவதில்லை, பிடுங்கிவிட்டால் வண்டி பழையபடி ஆகிவிடும். விலை இருநூறு டாலரை ஒட்டி.

நல்லது என்று சொல்லவேண்டுமானால், ரீங்காரத்துக்கு இது சரியான மருந்து. முக்கியமாகப் பின்னால் சைலன்சரை மாற்றியவர்களுக்கு. கம்பெனி சைலன்சர் நான்கு சிலிண்டர் ஓசையை அமுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டுச் சத்தமானதை மாட்டினால் 65 மைல் வேகத்தில் காலை லேசாக வைத்துப் போகும்போது காதுக்குள் ஒரு ஹூம் விடாமல் அடிக்கும், ஒரு மணி நேரப் பயணத்தில் தலைவலியே வந்துவிடும். அவர்கள் வாங்கட்டும், தாராளமாக.

இனி, விளம்பரத்தில் வராதவை. அந்தப் போர்ட் ஒன்றே ஒன்றுதான்; இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த டிராக்கர் ஏற்கெனவே அங்கே இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம். கருவி எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும், வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டியில் பேட்டரி இறங்கலாம். புகைச் சோதனைக்கும் டீலரிடம் போவதற்கும் முன்னால் பிடுங்கவேண்டும், மறந்தால் தொல்லை. 2018க்குப் பிறகு வந்த ராம்களில் கணினிக்குப் போகிற வழியில் ஒரு பாதுகாப்பு கேட்வே இருக்கிறது, வெறுமனே செருகினால் வேலை செய்யாது, அதைச் சுற்றிப்போக இன்னொரு வயர் வேண்டும். ஜிஎம்மிலும் ஏஎஃப்எம் கருவியும் டிஎஃப்எம் கருவியும் ஒன்றல்ல, மாடல் வருடத்தைப் பார்த்தே வாங்கவேண்டும்.

ரிட்ஜ்லைனுக்கு விற்கப்படுவது வேறு ரகம். கூலன்ட் வெப்ப சென்சாரின் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, எஞ்சின் இன்னும் முழுசாகச் சூடாகவில்லை என்று கணினியை நம்பவைப்பார்கள், அதனால் அது சிலிண்டரை அணைக்காது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கும் நாளில் கணினிக்கும் மீட்டருக்கும் போய்ச்சேருவது குறைத்துக் காட்டிய வெப்பம். டிரெய்லர் இழுக்கிறவர்கள் இதைச் செய்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

ஏற்கெனவே டிக் டிக் சத்தம் வந்துவிட்டதா? இந்தக் கருவி குணப்படுத்தாது, வாங்காதீர்கள். இன்னொன்று: 2025ல் ஜிஎம் 6.2 லிட்டர் எல்87 எஞ்சின்களை, அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளை, திரும்ப அழைத்தது. அதற்குக் காரணம் கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராட் பேரிங் குறைபாடு, சிலிண்டர் அணைப்பது அல்ல. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு இந்தக் கருவியை வாங்கினவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யவேண்டியது வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைப் போட்டு ரீகால் பட்டியலில் பார்ப்பது.

## வழி 4: ஸ்டாப்-ஸ்டார்ட் நினைவு மாட்யூல்

பட்டனுக்குப் பின்னால் இடையில் செருகும் சின்ன வயர்த் தொகுப்பு. கடைசியாக ஆஃப் செய்திருந்தால் அடுத்த தடவையும் ஆஃபிலேயே வைக்கும், அதைத் தாண்டி எதுவும் செய்யாது. எல்லாக் கருவிகளிலும் எனக்கு ஆட்சேபம் குறைவாக இருப்பது இதற்குத்தான், ஏனென்றால் கம்பெனியே கொடுத்த பட்டனை உங்களுக்குப் பதிலாக அது அழுத்துகிறது, அவ்வளவே.

செலவுக் கணக்கு: பெரிய வி8 நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு அரை கேலன் அளவுக்குக் குடிக்கும். தினம் 20 நிமிடம் சிக்னலில் நிற்பவருக்கு, வருடம் 250 நாள் என்றால் சுமார் 42 கேலன், 125 டாலர். கிராமப்புறத்தில் ஓட்டுபவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஸ்டார்ட்டர் சீக்கிரம் போய்விடும் என்ற பயம் வேண்டாம், இந்த வண்டிகளில் அதற்கேற்ற பலமான ஸ்டார்ட்டரும் ஏஜிஎம் என்கிற பலமான பேட்டரியும் போடுகிறார்கள். அந்த பேட்டரி மாற்றும்போது சாதாரணத்தைவிட விலை அதிகம், கருவி மாட்டினாலும் அதே வகையைத்தான் வாங்கவேண்டும்.

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் சாக்கெட்டில் ஒரு மூடி போல மாட்டி, டிரெய்லர் இருப்பதாக ஏமாற்றி ஸ்டாப்-ஸ்டார்ட்டை நிறுத்தும் பொருளும் விற்கிறது. வண்டி அதை முழுசாக நம்பிவிடும். ரிவர்ஸ் சென்சாரும் அணைந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

## வழி 5: கணினி நிரலையே மாற்றுவது, அல்லது லிஃப்டரையே மாற்றுவது

நிரலை மாற்றினால் போர்ட் காலியாக இருக்கும், நிரந்தரம். ஆனால் டீலர் கணினியை இணைத்தாலே மென்பொருள் அடையாளம் கம்பெனியுடையதோடு ஒத்துப்போகாதது தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் 2021 ஜூலையிலிருந்து புகைச் சோதனையிலேயே இதைப் பார்க்கிறார்கள், அனுமதி இல்லாத நிரல் இருந்தால் ஃபெயில். சிலிண்டர் அணைவதை நிறுத்துவதற்காக மட்டும் இதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

முழு டெலீட் என்பது வேறு கதை. கேம், எல்லா லிஃப்டர்களும், சொலினாய்டுகள் இருக்கும் எஞ்சின் நடு மூடி எல்லாவற்றையும் மாற்றிச் சாதாரண வி8 ஆக்கிவிடுவது, கூடவே நிரலும் மாறவேண்டும். பிரச்சினையை வேரோடு பிடுங்குவது இது ஒன்றுதான். நன்றாக ஓடுகிற எஞ்சினை அவிழ்த்து இதைச் செய்வது அநியாயச் செலவு. ஆனால் வாரண்டி முடிந்து, லிஃப்டர் போய், ஹெட்டை எப்படியும் கழற்றியாகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், கூலியில் பெரும்பகுதி எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம், அப்போது அதே மாதிரி லிஃப்டரைத் திரும்பப் போடுவதா என்று மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேசவேண்டும். உங்கள் மாநிலச் சோதனை இதை அனுமதிக்கிறதா என்பதை ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | பெட்ரோல் | வாரண்டி, சோதனை | யாருக்கு |
|---|---|---|---|---|
| கை வைக்காமல் விடுவது | கூடுதல் ஆயில் மாற்றம் | மாற்றமில்லை | பிரச்சினை இல்லை | வாரண்டி உள்ளவர்கள், லீஸ் வண்டி |
| வண்டியின் பட்டன், கியர் | இல்லை | கொஞ்சம் கூடும் | பிரச்சினை இல்லை | முடிவெடுக்கும் முன் எல்லாரும் |
| ஓபிடி கருவி | இருநூறு டாலரை ஒட்டி | கேலனுக்கு சுமார் 1 மைல் குறையும் | முன்னால் பிடுங்கவேண்டும், வாக்குவாதம் வரலாம் | ரீங்காரம் தாங்காதவர்கள் |
| ஸ்டாப்-ஸ்டார்ட் மாட்யூல் | ஓபிடி கருவியைவிடக் குறைவு | நகரத்தில் கூடும் | தொல்லை குறைவு | தினமும் பட்டன் அழுத்தி அலுத்தவர்கள் |
| நிரல் மாற்றம் | சில நூறு டாலர், புது வண்டியில் இன்னும் அதிகம் | கூடும் | டீலருக்குத் தெரியும், கலிஃபோர்னியாவில் ஃபெயில் ஆகலாம் | டெலீட் செய்பவர்கள் மட்டும் |
| முழு டெலீட் | சில ஆயிரம் டாலர் | கூடும் | வாரண்டி முடிந்தபிறகே | லிஃப்டர் ஏற்கெனவே போனவர்கள் |

## பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு

மேலே கேள்வி கேட்டவரைப் போலப் பழைய டிரக் எடுப்பவர்களுக்கு இது தனி. பார்க்கப் போகும் வண்டியின் ஓபிடி போர்ட்டில் ஏற்கெனவே இந்தக் கருவி செருகியிருந்தால், விற்பவர் அதைக் கூடுதல் சிறப்பாகச் சொல்வார். இருக்கலாம், கவனமான ஆளாகக்கூட இருக்கலாம். ஆனால் நீங்கள் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் நீங்களே கிளப்புங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் திறந்து முதல் இரண்டு நிமிடம் காதைக் கொடுங்கள், டிக் சத்தம் சூடானபிறகும் நிற்காவிட்டால் விலகிவிடுங்கள். அப்புறம் ஹைவேயில் ஏற்றி, திரையில் வி4 வரும்வரை காலை லேசாக்கி, மறுபடி அழுத்தி வி8க்குக் கொண்டுவாருங்கள். நாலைந்து தடவை. மாறும்போது குலுங்கினாலோ விளக்கு எரிந்தாலோ பிழைக் குறியீட்டைப் படித்துப் பாருங்கள்: பி0300 (எந்தச் சிலிண்டர் என்று சொல்லாத மிஸ்ஃபயர்), அல்லது 1, 4, 6, 7ஆம் சிலிண்டர்களின் மிஸ்ஃபயர், அல்லது பி3400 (சிலிண்டர் அணைக்கும் அமைப்பில் பழுது) வந்தால், அந்தக் கருவி அங்கே எதற்காகச் செருகியிருந்தது என்று விற்பவரிடமே கேளுங்கள்.